அறுபதைக் கடந்தவர்களுக்குப் பீக்கோ பாதை: பாதித் தூரம் நடந்தபின் ஒரு மதிப்பீடு

கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில் தொடங்குகின்ற பீக்கோ பாதை, கலஹா, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவுகளைத் தொட்டு, டயகமவைத் தாண்டி ஓட்டன் சமவெளிப் பக்கமாக ஏறி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று மலையகத்தின் கிழக்குப் பக்கமான ஊவாவைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்தில் வந்து முடிகிறது. மொத்த நீளம் 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் கொடுத்த நிதியில் உருவான பாதை இது என்றாலும், இதற்காகப் புதிதாக வெட்டப்பட்ட வழி மிகக் குறைவு. தோட்டத்துக் கொழுந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலைத் தேயிலை ரயில் நிலையத்துக்கும் போய்ச்சேர வெள்ளைக்காரர் காலத்தில் போடப்பட்ட பாதைகளைத்தான் ஒன்றோடொன்று கோத்து ஒரு நெடும்பாதையாக்கியிருக்கிறார்கள். பீக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். இளங்குருத்தின் மேல் படர்ந்திருக்கும் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்ததென்று சொல்வார்கள்.

நாங்கள் ஐவர். வயது 61 முதல் 72 வரை. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கு நீரிழிவு, மூவருக்கு இரத்த அழுத்தம், ஒருவருக்கு இதயக் குழாயில் பொருத்திய வலைக்குழல் (ஸ்டென்ட்), எல்லோருக்கும் முழங்கால். 2024 பெப்ரவரியில் ஹந்தானைப் பக்கம், அதே ஆண்டு ஆகஸ்டில் அப்புத்தளையிலிருந்து தெமோதரை வரை, 2025 பெப்ரவரியில் வட்டகொடையிலிருந்து பொகவந்தலாவை வரை என்று மூன்று பயணங்களில் மொத்தப் பாதையின் பாதிக்குச் சற்றுக் குறைவாக நடந்திருக்கிறோம். மீதியை எப்போது, எந்த ஒழுங்கில் நடப்பது என்று 2026ஆம் ஆண்டுக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது, எங்களைப் போன்ற வயதினர் வேறு பலரும் இதே கேள்வியோடு இருப்பது தெரிந்தது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு இவ்வளவு இணக்கமான ஒரு நெடும்பாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் ஒரே மூச்சில் நடந்து முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இணக்கம் என்று சொல்வதற்குக் காரணம் காட்சியழகு அல்ல. அது இங்கே எந்தத் திருப்பத்திலும் கிடைக்கிறது. எந்த நாளிலும், எந்த இடத்திலும் நடையை நிறுத்திக்கொண்டு வெளியேற முடிவதுதான் காரணம். மற்ற நாடுகளின் நெடும்பாதைகள் பலவற்றில் கூடாரமும் ஐந்து நாள் உணவும் முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனால், முழங்கால் வீங்கினாலும் மறுபக்கம் வந்துதான் ஆக வேண்டும். இங்கே 300 கிலோமீற்றரை 22ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சராசரியாகப் பதினான்கு கிலோமீற்றர். அதிலும் வழி முழுவதும் தோட்டங்களும் கிராமங்களும் இருப்பதால், நடக்க முடியாமல் போகும் ஒருவர் ஏதாவதொரு லயத்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டு, வாசலில் உட்கார்ந்து ஒரு முச்சக்கர வண்டியை வரவழைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேலாக ரயில் இருக்கிறது. வட்டகொடை, கொட்டகலை, அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று பாதை தொடுகின்ற ஊர்கள் பலவும் 1924இல் பதுளையை எட்டிய அதே ரயில் பாதையின் நிலையங்கள். எங்களுள் மூத்தவர் ஒரு காலை நடந்தால் மறுநாள் ரயிலில் ஏறி அடுத்த ஊரில் எங்களுக்காகக் காத்திருப்பார். அவரும் முழுப் பயணத்தில் பங்குகொண்டார். நாங்களும் அவரை வீட்டில் விட்டு வந்த மனக்குறை இல்லாமல் நடந்தோம்.

பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வயதினரின் சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பழைய தோட்டப் பாதைகள் மாட்டுவண்டிக்காகப் போடப்பட்டவை. மாடு செங்குத்தாக ஏறாது. ஆகவே அந்தப் பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்கின்றன. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறக்கூடிய சரிவு அது. உயரமும் அஞ்சத்தக்கதல்ல: எல்ல சுமார் ஆயிரம் மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர், மலைநோய் தலைகாட்டத் தொடங்குகின்ற 2,500 மீற்றருக்குக் கீழேயே முழுப் பாதையும் அடங்கிவிடுகிறது. சிக்கல் வருவது குறுக்குகளில்தான். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, அல்லது லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, தோட்டத்து மக்கள் நேராக ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் குறுக்கு என்கிறார்கள். வடிகால்களான கான்களின் ஓரமாகப் பதித்த கற்படிகள் அவை. சில படிகள் முழங்கால் உயரம், மழை பெய்தால் பாசி. ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதை நின்று நின்று சமாளித்துவிடலாம்; இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முழங்கால் சிரட்டையின் மேல் விழுகிறதே, அதைச் சமாளிக்க முன்கூட்டியே பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்கு நாங்கள் கண்ட வழி எளியது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர நடை, அதோடு மாடிப்படி. படியில் ஏறுவதை விட இறங்குவதையே எண்ணி இறங்கினோம்: மெதுவாக, முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை மென்மையாக வைத்து. இரண்டு ஊன்றுகோல்களும் கட்டாயம் என்பேன். முதல் பயணத்தில் ஊன்றுகோலை முதியவரின் கைத்தடியாக நினைத்துக் கூச்சப்பட்ட இருவரும், கலஹாவுக்கு இறங்கும்போது எங்களிடம் இரவல் வாங்கினார்கள். ஏற்றத்தில் கோலைக் குட்டையாகவும் இறக்கத்தில் நீளமாகவும் சரிசெய்துகொண்டால், கால் தாங்குகின்ற பாரத்தில் ஒரு பகுதியைத் தோளும் கையும் வாங்கிக்கொள்கின்றன. முனையில் ரப்பர் மூடி இருக்கட்டும். கற்படியில் வெறும் இரும்பு வழுக்கும்.

ஹந்தானையிலிருந்து நடந்த அந்த முதற்பயணத்தில் எனக்கு மறக்க முடியாதது லூல்கந்துர. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கைத் தேயிலை வணிகத்தைத் தொடங்கியது அந்தத் தோட்டத்தில்தான். இரண்டு ஆண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளின் இலையில் துருநோய் தோன்றிப் பின்னர் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, தப்பிப் பிழைக்கும் வழியாக இருந்தது டெய்லரின் தேயிலையே. அவர் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார் என்று சொல்லப்படுகின்ற கல்லிருக்கையில் நாங்களும் உட்கார்ந்தோம். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது நான் நினைத்தது டெய்லரை மட்டும் அல்ல. அந்தக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களுக்கு இந்த மலைகளில் கல்லிருக்கை எதுவும் இல்லை. வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். 2023இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. பீக்கோ பாதையில் விருப்பத்துக்காக நடக்கும் ஒவ்வொருவரும், இந்த மண்ணில் நடை என்பது எதற்காகத் தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இதனாலேயே, தமிழ் தெரிந்த நடையாளருக்கு இந்தப் பாதை தருவது வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று. மேற்குப் பகுதியின் தோட்டங்களில் பேச்சு மொழி தமிழ்தான். காலை ஏழு மணிக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தைக் கடந்தால் கங்காணி அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து (செடி வெட்டுதல்) என்று பிரித்துக்கொண்டிருப்பது காதில் விழும். தொழிற்சாலையை அவர்கள் இஸ்டோர் என்றும் தோட்ட முகாமையாளரைத் துரை என்றும் இன்றைக்கும் சொல்கிறார்கள். கொட்டகலைக்குப் போகும் வழியில் ஒரு குறுக்கில் நாங்கள் கோலூன்றி ஏறிக்கொண்டிருந்தபோது, கூடையோடு எதிரே இறங்கி வந்த ஓர் அம்மா நின்று, "இந்த வயசுல எதுக்கு ஐயா இந்தக் குறுக்குல ஏறுறீங்க? ரோட்டால போனா ஆட்டோ வருமே" என்று கேட்டார். நடப்பதற்காகவே வந்தோம் என்று சொன்னதும் சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "அப்ப மேல போயி மொத லயத்துல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, எம் மருமக இருக்கா" என்றார். அந்த மருமகள் கொடுத்த பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டியும் தேங்காய் ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் மூன்று பயணங்களிலும் நாங்கள் சாப்பிட்டவற்றில் மிகச் சிறந்தவை. பணம் வாங்க மறுத்தார். வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று சொல்லிக் கொடுத்தபிறகே வாங்கினார். லயத்து வாசலில் இப்படி உட்கார நேர்ந்தால் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். தங்கள் வீட்டின் தகரக் கூரையும் ஈரச் சுவரும் ஊர் பார்க்கும் படமாவதை யாரும் விரும்புவதில்லை.

வழிகாட்டி தேவையா என்று பலர் கேட்கிறார்கள். பாதையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பகுதிக்குமான வரைபடம் கிடைக்கிறது. கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்கிலும் நாம் நிற்கும் இடம் தெரியும். வழியில் அடையாளக் கம்பங்களும் உண்டு. இருந்தாலும் தோட்டத்துக்குள் ஒரே மாதிரியான பத்துப் பாதைகள் பிரியும். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கம்பத்தைக் கவனிக்காமல் நாங்கள் நாற்பது நிமிடம் வேறு மலைக்குப் போய்த் திரும்பினோம். இளைஞனுக்கு நாற்பது நிமிடம் ஒரு கதை, 72 வயதானவருக்கு அது அன்றைய நாளின் சக்தி. ஆகவே நீளமான பகுதிகளுக்கும் காட்டோரமாகப் போகும் பகுதிகளுக்கும் உள்ளூர்த் தம்பி ஒருவரை அமர்த்திக்கொள்வதே என் பரிந்துரை. எங்களோடு வந்த தம்பி தோட்டத்தில் பிறந்தவர். எந்த லயத்து நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாள் கூலியை முதல் நாள் இரவே பேசி முடித்துவிட வேண்டும். விலைகள் அடிக்கடி மாறுவதால் தொகைகளை நான் இங்கே எழுதவில்லை.

தங்குமிடம் இந்தப் பாதையில் சீராக இல்லை என்பதைத் திட்டமிடுவோர் முதலில் மனதில் வைக்க வேண்டும். கண்டி, அப்புத்தளை, எல்ல, நுவரெலியா ஆகிய ஊர்களில் எல்லாத் தரத்திலும் அறைகள் உண்டு. பழைய துரை பங்களாக்கள் சில விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. அவை அழகானவை, விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். இடைப்பட்ட பகுதிகளிலோ வீட்டோடு தங்கும் அறைகள் மட்டுமே, அவையும் சில ஊர்களில் இல்லை. அறை கேட்கும்போது நான்கு விஷயங்களைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறோம்: வெந்நீர் உண்டா, உட்காரும் கழிப்பறையா, அறை எத்தனை படிக்கு மேலே, காலை ஆறு மணிக்குச் சாப்பாடு கட்டித் தருவார்களா. மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றும். பதினைந்து கிலோமீற்றர் நடந்துவிட்டு வந்தபிறகு, சரிவில் கட்டிய வீட்டின் அறுபது படிகளைப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இரண்டாம் பயணத்தில் எங்களுக்கு நேர்ந்த ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். எங்கள் பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஓர் ஏற்பாட்டாளரிடம் விட்டிருந்தோம். முழுப் பணத்தையும் முன்பே கொடுத்திருந்தோம். இரண்டாம் நாள் நாங்கள் நனைந்து போய்ச் சேர்ந்தபோது பைகள் வந்திருக்கவில்லை. இரவு ஒன்பதரைக்குத்தான் வந்தன. உடை மாற்ற இல்லாதது பெரிதல்ல. இருவருடைய மாலை மாத்திரைகளும் ஒருவருடைய இன்சுலினும் அந்தப் பைகளுக்குள் இருந்தன. ஏற்பாட்டாளர் மறுநாள் மன்னிப்புக் கேட்டார், ஒரு பகுதிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஆயினும் அந்த நான்கு மணி நேரப் பதைப்பை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். அன்றிலிருந்து எங்கள் விதி இது: இரண்டு நாளுக்கான மருந்து, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு காலுறை, கண்ணாடி, மருந்துச் சீட்டின் நகல் ஆகியவை முதுகுப் பையை விட்டு இறங்கக் கூடாது, பைக்கான பணத்தில் பாதி மட்டுமே முன்பணம். பை ஏற்றும் சேவையை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். நான்கு கிலோவைச் சுமப்பதற்கும் பன்னிரண்டு கிலோவைச் சுமப்பதற்கும் எங்கள் வயதில் இருக்கும் வேறுபாடு, நடையை ரசிப்பதற்கும் சகிப்பதற்கும் இருக்கும் வேறுபாடு.

மருந்தைப் பற்றிச் சொன்னதால் அட்டையையும் சொல்லிவிடுகிறேன். ஈரமான மாதங்களில் தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட புல்லில் அட்டை இல்லாத இடமே இல்லை. அட்டை கடித்தால் வலிக்காது, நோயும் பொதுவாக வருவதில்லை. ஆனால் அதன் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரினோ வேறு இரத்தம் இளக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு அந்தச் சிறு கடிவாயிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசியும். எங்களில் வலைக்குழல் வைத்த நண்பரின் காலுறை முழுவதும் சிவந்துவிட்டதைப் பார்த்து நாங்கள் பயந்துபோனோம். துணியை மடித்து இறுக அழுத்திப் பதினைந்து நிமிடம் பிடித்திருந்தபின் நின்றது. முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை ஒரு சோடி வாங்கி அணிவதே இதற்கு மருந்து. நெருப்பு வைப்பது, உப்பைக் கொட்டுவது எல்லாம் வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விழுந்துவிடும்.

நீரிழிவுக்காரர்கள் நாள் முழுவதும் நடக்கும்போது வழக்கமான அளவு மருந்திலேயே சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். நீரை வெளியேற்றும் வகை அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றி விழலாம். இவை இரண்டையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் நடைத் திட்டத்தைக் காட்டிக் கேட்டு, அளவை அவரே சொல்லட்டும். குளுக்கோஸ் வில்லைகள் ஒருவர் பையில் மட்டும் இருக்காமல் எல்லோர் பையிலும் இருக்க வேண்டும். இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை: வழியில் கழிப்பறைகள் மிகக் குறைவு. எங்கள் வயது ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது முக்கியமான கேள்வி. இதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கின்ற தவறை எங்களுள் இருவர் செய்தார்கள். தோட்டத்துக் கோயில், பாடசாலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம், இஸ்டோர் அலுவலகம் ஆகிய இடங்களில் மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுக்கவில்லை.

இனி ஆண்டுத் திட்டம். இந்தப் பாதையின் தனித்தன்மை, மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இரண்டு வேறு காலநிலை என்பது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை கண்டி, அட்டன், பொகவந்தலாவைச் சரிவுகளை நனைக்கிறது. அதே மாதங்களில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தை இழந்து ஊவாவை உலர்த்துகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் ஜூலை முதல் செப்டம்பர் வரை வருவதும் அந்த உலர்காற்றினால்தான். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலோ ஊவா நனைகிறது. ஆகவே ஒரே பயணமாக 22 பகுதிகளையும் நடப்பவர் எந்த மாதத்தில் புறப்பட்டாலும் ஏதாவதொரு பக்கத்தில் மழைக்குள் நுழைந்தே தீர வேண்டும். இரண்டு அல்லது மூன்று பயணமாகப் பிரித்துக்கொள்பவர் எல்லாவற்றையும் வெயிலில் நடக்கலாம். முதியவர்கள் பிரித்து நடக்க வேண்டும் என்று நான் சொல்வது உடல் வலு குறைவு என்பதற்காக மட்டும் அல்ல; அதுவே இந்தப் பாதையை நடப்பதற்குச் சரியான முறை.

பெப்ரவரியும் மார்ச் முதற்பாதியும் மேற்குக்கு. விடியலில் நல்ல குளிர், பத்து மணிக்குப் பிறகு தெளிந்த வானம். ஆனால் மார்கழிப் போயா என்ற பௌர்ணமியிலிருந்து வைகாசிப் போயா வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் என்பதால், அட்டன், நோர்வூட் பக்கங்களில் வார இறுதியிலும் போயா நாளிலும் அறையும் வண்டியும் கிடைப்பது அரிது. திங்கள் தொடங்கி வியாழனில் முடிக்கும்படி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். ஏப்ரலை விட்டுவிடுங்கள். புத்தாண்டுக்கு ஊர்க்கடைகள் மூடிக் கிடக்கும், நுவரெலியாவிலோ வசந்தகாலக் கூட்டம் நிரம்பி வழியும், மாலையில் இடிமழை வேறு. ஜூலை, ஆகஸ்ட் ஊவாவுக்கு. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அப்புத்தளையின் விளிம்பில் ஆளைத் தள்ளும் அளவுக்கு வீசும், தொப்பிக்குக் கயிறு வேண்டும், ஆனால் காலடி உலர்ந்திருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நடையே வேண்டாம். அது இடிமழைக்கும் மண்சரிவுக்கும் உரிய காலம். அந்த மூன்று மாதமும் வீட்டு மாடிப்படிக்கு.

ஊவாவில் எல்லவிலிருந்து தெமோதரை வரையான பகுதியை, நடையில் புதியவர்களான முதியோர் முதல் நாளாகத் தேர்ந்துகொள்ளலாம். 1921இல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டிப் போகும் வழி அது; முடிகின்ற தெமோதரையில் ரயில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. பாலத்தில் கூட்டம் சேர்வதற்கு முன், ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் அமைதியாக நடக்கலாம். தண்டவாளத்தின் மேல் நடந்து படமெடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். வளைவில் வரும் ரயிலின் ஓசை எங்கள் வயதுக் காதுகளுக்குப் பிந்தித்தான் கேட்கும். அப்புத்தளையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதற்கும் இடம் வையுங்கள். தம்பதென்னையில் 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய தொழிற்சாலை வரை பேருந்தில் போய், அங்கிருந்து லிப்டன் இருக்கை என்ற மலைமுனைக்கு முச்சக்கர வண்டியில் ஏறி, கீழ்நோக்கி நடந்து வந்தோம். அது ஓய்வு நாள் நடை. முழங்காலுக்கும் மனதுக்கும் நல்லது. மூன்று நாள் நடந்தால் குறைந்தது ஒரு நாள் ஓய்வு என்ற ஒழுங்கை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

இவ்வளவு திட்டத்துக்கும் நடுவே 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிந்து லயங்களும் கிராமங்களும் புதைந்தன. பல நூறு பேர் இறந்தார்கள். வீதிகளும் மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த வாசல்களில் எவை நிற்கின்றன என்ற கவலையோடுதான் இதை எழுதுகிறேன். நடப்பதைப் பற்றிப் பேசுவதற்கே மனம் கூசியது. எங்களோடு நடந்த வழிகாட்டித் தம்பி தொலைபேசியில், "வராம இருந்துடாதீங்க ஐயா, வழி சரியானதும் நானே சொல்றேன்" என்றார். அறைக்காகவும் சாப்பாட்டுக்காகவும் வழிகாட்டலுக்காகவும் நடையாளர் கொடுக்கும் பணம் தோட்டக் கூலியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்குச் சிறிதாவது பயன்படுகிறது என்பதால், அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தச் சரிவு இன்னும் அசைகிறது என்பதை அங்கேயே வாழ்பவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் யாரும் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். பழைய வரைபடத்தில் இருக்கும் குறுக்கு இன்று மண்ணுக்குள் இருக்கலாம். புதிதாகச் சரிந்த மண்ணின் மேல் மழை நாளில் கால் வைக்கவே கூடாது.

ஆகவே 2026இல் எங்கள் பெப்ரவரி நடையைக் கைவிட்டுவிட்டோம். அந்த நாட்களில் வழிகாட்டித் தம்பியின் ஊருக்கு நேரில் போய், அவர் சொல்லும் பாடசாலைக்குக் எழுதும் கொப்பிகளும் காலணிகளும் கொடுத்துவிட்டு, பாதையையும் பார்த்து வருவதாக இருக்கிறோம். ஹாலிஎலவிலிருந்து உடப்புசல்லாவை, கந்தப்பளை வழியாகப் பீட்ரு தோட்டம் வரையான கடைசிப் பகுதிகளை ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு வைத்திருக்கிறோம். ஒன்பது நாளில் ஆறு நாள் நடை, மூன்று நாள் ஓய்வு. டயகமவிலிருந்து ஓட்டன் சமவெளிப் பக்கம் ஏறும் பகுதி இருப்பதிலேயே கடினமானது என்று எல்லோரும் சொல்வதால், அதை 2027 பெப்ரவரிக்குத் தள்ளி, நடுவே ஓராண்டு பயிற்சிக்கு விட்டிருக்கிறோம். அப்போது எங்களுள் மூத்தவருக்கு 74 ஆகியிருக்கும். "அந்த ஏற்றத்தை மட்டும் நான் ரயிலில் கடக்கப் போவதில்லை, நடந்தே ஏறப் போகிறேன்" என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். நேற்றுக் காலை அவர் வீட்டுக்குப் போனபோது நான்காவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு படியாக, முழங்காலைச் சற்று மடித்து.